ஒன்றரைக் கோடி டொலரும் எங்கள் மூன்று ஏக்கரும்

மல்லாவி
05.02.2026

அன்புள்ள மகன் ரஜிதனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

பிள்ளையார் புண்ணியத்தில் நாங்கள் மூன்று பேரும் மூன்று நேரமும் சாப்பிட்டுக்கொண்டு நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நேரத்துக்கு நித்திரை கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பாய், அமெரிக்காவுக்கு முத்திரை கேட்டபோது தபாற்கந்தோரில் இருந்த பிள்ளையும் என்னை அப்படித்தான் பார்த்தது. தொலைபேசியில் நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் உன் பெற்றோல் ஷெட்டுக்கு ஒரு கார் வந்துவிடுகிறது, "அம்மா பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் நீ கார்க்காரனுக்கு எண்ணெய் அடித்துவிட்டு வரும்வரை அது மேசையிலேயே கிடக்கும். இதில் ஒரு முக்கியமான விசயம் இருக்கிறது, அதை நடுவில் வெட்டாமல் கேட்கவேண்டும். அப்பா எதிரே கதிரையில் இருந்துகொண்டு "அவன் யோசிப்பான், மெல்லமா எழுதும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மெல்லமாகத்தான் எழுதுகிறேன், என் கையெழுத்து உனக்குத் தெரியும்தானே.

அப்பாவின் காலில் விரல் எடுத்த இடம் காய்ந்துவிட்டது, செருப்புத்தான் இன்னும் சரிவரவில்லை. சீனி இல்லாத தேத்தண்ணி வீட்டில் குடிக்கிறார், சந்திக் கடையில் என்ன குடிக்கிறார் என்பது அவருக்கும் கடைக்காரனுக்கும் மட்டும் தெரிந்த இரகசியம். கார்த்திகைக் கடைசி வெள்ளத்தில் வயலின் கிழக்குப் பக்க வரம்பு உடைந்து அரை ஏக்கர் அழுகிப் போனது, மிச்சம் இப்போது கதிர் முற்றி நிற்கிறது. அந்த வரம்பை உன் தங்கச்சிதான் கட்டினாள். யதுர்ஷிகா காலையில் முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டு மத்தியானத்துக்குப் பிறகு மண்வெட்டியோடு வயலுக்குப் போவாள், அப்பா விழுந்ததிலிருந்து இரண்டு வருசமாக இப்படித்தான். லாண்ட்மாஸ்ரர் பிடித்து உழுகிறாள், தண்ணீர் முறை வந்தால் விடியப் போய் வாய்க்கால் திறக்கிறாள், யூரியாவுக்கு வரிசையில் நிற்கிறாள், அந்த வரிசையில் "அப்பா வரேல்லையோ" என்று கேட்கிறவர்களுக்கு இருபத்தொன்பது வயதிலும் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன், பின்னால் தேவைப்படும்.

இனி நீ மார்கழியில் அனுப்பிய குரல்செய்திக்கு வருகிறேன். பதினொரு நிமிடம். எங்கள் சுகம் கேட்டது அரை நிமிடம், மிச்சம் பத்தரை நிமிடமும் சாவு வரி. அங்கே ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்க உழைத்துச் சேர்த்ததை அவன் கண்ணை மூடியதும் அரசாங்கம் நூற்றுக்கு நாற்பது வீதம் எடுத்துக்கொள்கிறதாம், இந்த வரியை அடியோடு நீக்கவேண்டுமாம், நீக்கவேண்டும் என்கிற கட்சிக்காரரோடு உன் முதலாளியும் நிற்கிறாராம், நீயும் நிற்கிறாயாம். "இது அநியாயம் அப்பா, எங்கட சொத்து எங்கட பிள்ளையளுக்குத்தான்" என்று நீ சொன்ன இடத்தில் உன் குரல் தழுதழுத்தது. எனக்குப் பெரிய சந்தோசம், உனக்கு ஏதோ சொத்து இருக்கிறது, எங்களுக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். யதுர்ஷிகா தொலைபேசியில் தேடிப் பார்த்தாள். அந்த வரி ஒன்றரைக் கோடி டொலருக்கு மேலே வைத்துவிட்டுச் சாகிறவனுக்குத்தானாம், அதற்குக் கீழே இருப்பவன் ஒரு சதமும் கட்டவேண்டியதில்லையாம். எங்கள் காசுக்கு நானூற்றைம்பது கோடி என்று பெருக்கிச் சொன்னாள். நீ மூன்று பொடியங்களோடு இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, நானூற்றைம்பது கோடி வைத்திருப்பவனுக்காக அழுதிருக்கிறாய். உன் முதலாளிக்கு ஐந்து பெற்றோல் ஷெட், கவலைப்பட அவருக்குக் காரணம் இருக்கும். அவருடைய ஷெட்டைப் பார்த்துக்கொள்ள உனக்குச் சம்பளம் தருகிறார், அவருடைய கவலையைச் சுமப்பதற்கும் ஏதாவது போட்டுத் தருகிறாரா என்று ஒருக்கால் கேட்டுப் பார். அப்பாவுக்கு நான் இப்படி எழுதுவது பிடிக்கவில்லை, "உழைக்கேக்க ஒருக்கா வரி கட்டினவன், செத்தாப் பிறகும் ஏன் கட்டவேணும், அவன் கேக்கிறதில நியாயம் இருக்கு" என்கிறார். நியாயம் இருக்கட்டும். அது யாருடைய நியாயம் என்பதுதான் என் கேள்வி.

நீ அனுப்பியதை அப்பா தன் காதில் வைத்துக் கேட்டிருந்தால் ஒன்றும் நடந்திராது. அவர் சந்தித் தேத்தண்ணிக் கடையில் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டார், அமெரிக்காவில் இருக்கிற மகன் கதைக்கிறான் என்று நாலு பேருக்குத் தெரியவேண்டாமா. பக்கத்து வளவுத் தங்கராசா அங்கே இருந்தார், எனக்கும் அனுப்புங்கோ என்று வாங்கி, தன் தொலைபேசியில் இருக்கிற அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார். முதல் அரை நிமிடத்தில் நீ எங்களைச் சுகம் கேட்டதை யாரோ வெட்டிவிட்டார்கள், அதோடு அமெரிக்கா என்ற பேச்சும் போய்விட்டது. மூன்றாம் நாள் அது பளையில் இருக்கிற என் தங்கச்சி சிவலட்சுமியிடம் போய்ச் சேர்ந்தது. அவள் பதறியடித்துத் தொலைபேசி எடுத்து, "அக்கா, செத்தா அரைவாசிக் காணியை அரசாங்கம் எடுக்கப்போகுதாம், யாரோ ஒரு பொடியன் அழுதழுது சொல்லுறான், கேட்டனியோ" என்றாள். தன் பெறாமகனின் குரல் அவளுக்கே தெரியவில்லை, அவ்வளவு உருக்கம். மல்லாவிச் சந்தையில் அது இன்னும் வளர்ந்து, மாட்டுக்கும் கோழிக்கும் வரி என்று வந்து நின்றது. கொழும்பிலும் அந்த நேரம் பார்த்து, முன்னொரு காலத்தில் இருந்து பிறகு எடுத்துவிட்ட மரபுரிமை வரியைத் திரும்பக் கொண்டுவரலாமா வேண்டாமா என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டது, யார் சொல்லியும் பிரிக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மில்கார ஜெயந்தன் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தான். உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்த பணக்காரன், மூன்று அரிசி ஆலையும் வவுனியாவில் ஒரு விடுதியும் கொழும்பில் இரண்டு வீடும் வைத்திருக்கிறான். போன போகம் எங்கள் நெல்லில் ஈரம் கூட என்று கிலோவுக்கு ஐந்து ரூபா குறைத்து வாங்கியவன், அன்றைக்கு வாழைக்குலையோடு வந்து கதிரையின் நுனியில் பவ்வியமாக இருந்தான். "அண்ணை, உங்கட மகன்ர கதையைக் கேட்டு எனக்குக் கண்ணீர் வந்திட்டுது, எங்கட சனத்தின்ர சொத்தை நாங்கள்தான் காப்பாத்தவேணும், நீங்கள்தான் தலைவரா நிக்கவேணும்" என்றான். உன் அப்பா கமக்காரர் அமைப்பில் மூன்று தரம் கேட்டுப் பொருளாளர் பதவிகூடக் கிடைக்காத மனிதர். மரபுரிமை வரி எதிர்ப்புக் குழுத் தலைவர் என்றதும் அலுமாரியில் இருந்து கலியாணத்துக்கு வாங்கிய வேட்டியை எடுத்துத் தரச் சொன்னார். கால் நோவு என்று அன்றைக்குக் காலையில் முனகிக்கொண்டு படுத்தவர், பின்னேரம் வீடு வீடாகப் போய்க் கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு வந்தார். மருந்துக்கு இல்லாத குணம் பதவிக்கு இருக்கிறது.

தை இரண்டாம் கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம். வாசலில் "எங்கள் உழைப்பு எங்கள் பிள்ளைகளுக்கே" என்று பெரிய பதாகை, ஆளுக்கொரு ரோல்ஸ், ஒரு பால் தேத்தண்ணி, எல்லாம் ஜெயந்தனின் செலவு. நானும் யதுர்ஷிகாவும் பின்வரிசையில் இருந்தோம். ஜெயந்தன் அரை மணித்தியாலம் பேசினான், நன்றாகத்தான் பேசினான், பாதியும் உன் வசனம். பிறகு எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள், பாதுகாக்கவேண்டிய சொத்து விபரம் என்று தலைப்பு. காணியின் பரப்பு, உறுதிப்பத்திர இலக்கம், இன்றைய பெறுமதி, வாரிசின் பெயர். தங்கராசா இரண்டு மாடும் ஒரு லாண்ட்மாஸ்ரரும் என்று எழுதிவிட்டு, லாண்ட்மாஸ்ரர் லீசிங்கில் நிற்கிறது, அதை என் சொத்து என்று போடுவதா கொம்பனியின் சொத்து என்று போடுவதா என்று கேட்டார். அப்பா மூன்று ஏக்கர் வயல் ஒரு ஏக்கர் மேட்டுக்காணி என்று வடிவாக எழுதிவிட்டு உறுதி இலக்கத்தில் வந்து நின்றுவிட்டார். எங்களிடம் எங்கே உறுதி இருக்கிறது. உன் அப்பப்பா வடமராட்சியில் இருந்து வந்து வவுனிக்குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டிய காலத்தில் இருந்து அது அரசாங்கக் காணி, எங்களிடம் இருப்பது செய்கை பண்ண உத்தரவுப்பத்திரம் மட்டும்தான். அந்த மண்டபத்தில் இருந்த எழுபது எண்பது பேரில் உறுதி வைத்திருந்தது ஜெயந்தனும் இன்னும் இரண்டு பேரும். அப்பா எழும்பி இதை என்ன செய்வது என்று கேட்க, "அந்த இடத்தை வெறுமையா விடுங்கோ அண்ணை" என்றான். எல்லோரும் வெறுமையாக விட்டார்கள். இல்லாத உறுதியைக் காப்பாற்ற அவ்வளவு பேரும் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு இருந்தோம்.

அப்போது துணி யாவாரம் செய்கிற நளீர் எழும்பினார். அவர் முல்லைத்தீவுப் பக்கம், தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது குடும்பத்தோடு போய்ப் புத்தளத்தில் இருபது வருசம் இருந்துவிட்டுத் திரும்பியவர், இங்கே சந்தையில் கடை. "எங்கட வாப்பா மௌத்தாகேக்க எட்டு ஏக்கர் விட்டுட்டுப் போனார் எண்டு உம்மா சொன்னா. வந்து பாத்தா எல்லாம் காடு, எல்லைக் கல்லும் இல்ல, காட்டித் தர ஆளும் இல்ல. வரி போடுறவங்க வந்து அளந்து, இந்தா நளீர் இதுதான் உங்கட வாப்பாட காணி எண்டு காட்டினாங்க எண்டா நான் சந்தோசமாக் கட்டுவன்" என்றார். மண்டபம் சிரித்தது, ஜெயந்தனும் சிரித்தான், நானும் சிரித்தேன். நளீர் சிரிக்கவில்லை, இருந்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு அடங்க முதல் கமலாட்சி எழும்பினாள். உனக்கு எட்டாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்த மாஸ்ரரின் மனைவி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தனியே இருக்கிறாள். மாஸ்ரரை இரண்டாயிரத்து ஒன்பதில் சண்டை முடிந்தபோது கூட்டிக்கொண்டு போனவர்கள் விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொன்னதை அவள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அவர்களின் வயல் மாஸ்ரரின் பெயரில். பெயர் மாற்ற மரணச் சான்றிதழ் வேண்டும், அதை எடுத்துக்கொள் என்று எத்தனையோ பேர் சொல்லியும் அவள் எடுக்கவில்லை. சத்தமில்லாத மனுசி, கூட்டங்களில் வாய் திறந்து நான் கண்டதில்லை. "தம்பி, இது செத்தவையின்ர சொத்துக்கு வாற வரிதானே" என்று ஜெயந்தனைக் கேட்டாள். ஓம் அக்கா என்றான். "அப்ப எனக்கு அந்த வரி வரட்டும். வரி கேட்டு வாறவன் எங்கட மாஸ்ரர் எந்தத் தேதியில செத்தவர் எண்டு ஒரு கடதாசியில எழுதிக்கொண்டுதானே வருவான். நான் பதினாறு வருசமா அந்தத் தேதியைத்தான் எல்லாரிட்டயும் கேக்கிறன். அதைச் சொன்னா அவன் வயலையும் எடுத்துக்கொண்டு போகட்டும்" என்று சொல்லிவிட்டு, படிவத்தை நாலாக மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போனாள். பின்வரிசையில் ஒரு குழந்தை ரோல்ஸ் கேட்டு அழுதது. ஜெயந்தன் அது வேறு பிரச்சினை, அதை நாங்கள் பிறகு எடுப்போம் என்றான். எங்களுடைய பிரச்சினைகள் எப்போதும் வேறு பிரச்சினைதான் மகன், எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அது அன்றைய கூட்டத்தில் இராது.

நன்றியுரை தலைவருடையது. அப்பா நான்கு நாளாக இரண்டு பக்கம் எழுதிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாசித்துப் பழகியிருந்தார். எழும்பினார், கடதாசியை விரித்தார், பார்த்தார், திரும்ப மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "கூட்டம் முடிஞ்சுது, எல்லாரும் வீட்டை போங்கோ" என்றார். அவர் வாழ்க்கையில் செய்த மிகச் சிறந்த பேச்சு அது.

மறுநாள் விடிந்ததும் அப்பா குசினி வாசலில் வந்து நின்று, "இஞ்சேரும், காணிக் கடதாசி எங்க" என்று கேட்டார். நான் சண்டைக்குள் மாத்தளனில் இருந்து மெனிக்பாம் முகாம் வரைக்கும் இடுப்பில் கட்டிக்கொண்டு போன அதே பொலித்தீன் பைக்குள்தான் இன்னும் இருக்கிறது, எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் பஸ் ஏறித் துணுக்காய்க்குப் போனோம். பிரதேச செயலகக் காணிக் கிளையில் உன் வயதுப் பிள்ளை ஒன்று பேரேட்டை எடுத்துப் பார்த்தது. இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் அப்பா உன்னைத்தான் தனக்குப் பிறகு காணி சேரவேண்டிய பின்னுரித்தாளராகப் பதிந்திருந்தார், அடுத்த வருசம் நீ போய்விட்டாய். மகன் எங்கே இருக்கிறார் என்று கேட்டது, சொன்னோம். "ஐயா, உங்களுக்குப் பிறகு அவர் குறிச்ச காலத்துக்குள்ள வந்து காணியைப் பொறுப்பெடுக்காட்டி அந்த உரிமை இல்லாமப் போயிடும், தெரியுந்தானே" என்றது. எங்களுக்குத் தெரியாது. அமெரிக்காவில் நானூற்றைம்பது கோடிக்காரனிடமே நாற்பது வீதம்தான் கேட்கிறார்களாம், அதற்கே நீ அழுதாய். இங்கே அப்பா கண்ணை மூடி நீ அங்கே பெற்றோல் அடித்துக்கொண்டு நின்றால் எங்களுக்கு நூறு வீதமும் போகும், அதற்கு ஒரு கூட்டமும் இல்லை, ரோல்ஸும் இல்லை.

அப்பா ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை, மகளின் பெயரைப் போடு பிள்ளை என்றார். நான் சொல்லிக் கொடுத்தேன் என்று நினைக்காதே, பிள்ளையார் சத்தியமாக இல்லை, பத்து வருசமாகச் சொல்ல நினைத்து விழுங்கியவள் நான். மகனிடம் கேட்டீர்களா என்று அந்தப் பிள்ளை கேட்டது. "கேட்டா அவன் ஓம் எண்டுதான் சொல்லுவான். சொல்லிப்போட்டு ஒரு மாசம் எங்களோட கதையான். அதாலதான் கேக்கேல்லை" என்றார். உன்னை நான் பெற்றேன், ஆனால் அவர்தான் அறிந்து வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளை சிவப்புப் பேனையால் உன் பெயருக்கு மேலே கோடு கீறும்போது அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், கோடு கீறி முடியும்வரை துடைத்தார். திரும்பி வரும்போது பஸ் தரிப்பிடத்தில், "இந்தப் பேரைத் தேட நாங்கள் அவன் பிறந்து முப்பத்தொரு நாளும் யோசிச்சனாங்கள், வெட்ட ரெண்டு நிமிசம்" என்றார். அதற்குப் பிறகு வீடு வரும்வரை வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

யதுர்ஷிகாவிடம் அன்று பின்னேரம் சொன்னோம். சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன், கோபித்துக்கொண்டாள். "அண்ணாவுக்குச் சொல்லாமல் எனக்கு ஒண்டும் வேண்டாம், நீங்கள் ரெண்டு பேரும் கள்ளர் மாதிரிப் போய் எழுதிப்போட்டு வந்திருக்கிறியள்" என்று எங்களைக் குளிக்கப் போன குறுக்குக்கட்டோடு நின்று விசாரித்தாள், காணிக் கிளையில்கூட அவ்வளவு கேள்வி கேட்கவில்லை. நீ அறிந்தால்தான் அந்தப் பத்திரத்தைக் கையால் தொடுவேன் என்று நிற்கிறாள். அதனால் உன்னிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை, அது முடிந்த காரியம். நீ உன் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்து, உன் வாயால் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், அதற்காக எழுதுகிறேன். பத்தரை நிமிடம் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். உனக்குக் கவலை வரும், எனக்குத் தெரியும். அது உன் அப்பப்பா வெட்டிய காடு, நீ நீந்தப் பழகிய வாய்க்கால், தூரத்தில் இருக்கிறவனுக்கு ஒரு துண்டு மண் தன் பெயரில் இருக்கிறது என்ற நினைப்பே ஒரு தலையணை. அந்தத் தலையணையைத்தான் நாங்கள் எடுத்துவிட்டோம், அதற்காக என்னை மன்னித்துக்கொள். ஆனால் இரண்டு வருசமாக அந்தச் சேற்றில் நிற்கிறவளுக்கு நாளைக்கு வரம்பில் நிற்க உரிமை இல்லை என்று வந்தால், எந்த அரசாங்கத்தின் மேல் பழி போடுவேன், நானே எடுத்த வரியாகிவிடும் அது.

குழு அதோடு கலைந்தது. ஜெயந்தன் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை, அறுவடைக்கு வருவான், ஈரம் பார்க்க. பதாகையைத் தங்கராசா கழற்றிக்கொண்டு போய் நெல் காயவிட விரித்திருக்கிறார், நல்ல தடித்த துணி. கமலாட்சிக்கு இந்த முறை நெல்வெட்டுக்கு யதுர்ஷிகா போய் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள், நான் புட்டு அவித்துக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம் அவளோடு இருந்துவிட்டு வந்தேன், வரியைப் பற்றி இரண்டு பேரும் கதைக்கவில்லை.

வேறென்ன, எண்ணெயில் பொரித்ததைக் கண்டபடி தின்னாதே, உனக்கும் அப்பாவின் உடம்புதான், வருசத்துக்கு ஒருக்கால் சீனி பார். முதலாளியோடு அரசியல் கதைத்து வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே, அவர் சொல்வதற்குத் தலையாட்டு, உள்ளே சிரித்துக்கொள். அப்பாவும் நானும் தங்கச்சியும் உனக்குச் சொல்கிற ஆசி எப்போதும் உன் தலைக்கு மேலே இருக்கும், பிள்ளையார் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருப்பார். கடைசியாக ஒன்று, காணி தங்கச்சிக்கு என்றாலும் கொள்ளி உனக்குத்தான், அதை எந்தப் பேரேட்டிலும் வெட்டமாட்டோம், அதற்கு நீ வந்துதான் ஆகவேண்டும், அந்த விமானச் சீட்டுக் காசுதான் எங்கள் சாவுக்கு நீ கட்டப்போகிற வரி. சித்திரை வருசத்துக்கு வந்து எங்களைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போ மகன், உயிரோடு இருப்பவர்களைப் பார்க்க வருவதற்கு இன்னும் எந்த நாட்டிலும் வரி போடவில்லை.

இப்படிக்கு
உன்னை நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா
யோ. இரஞ்சிதம்